வீட்டின் விலையும் வீட்டார் அறிவும்

(வெள்ளி விழாக் கருத்தரங்கில் தலைமையாசிரியர் ஒருவர் ஆற்றிய உரை)

 

கல்விச் சங்கத்தின் வெள்ளி விழாவில் ஒரு தலைமையாசிரியன் கல்வியின் சிறப்பைப் பற்றித்தான் பேசுவான் என்று நீங்கள் எதிர்பார்த்திருப்பீர்கள். நானோ வீட்டு விலையைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். ‘நம் வீடு இன்று எவ்வளவு போகும்?’ என்று ஒரு வீட்டுத் தரகரிடம் எப்படிக் கேட்பது, அவர் சொல்லும் விடையை எப்படி எடைபோடுவது என்பதே என் பொருள். இதற்கும் கல்விக்கும் என்ன தொடர்பு என்று சிலர் எண்ணக்கூடும். தொடர்பு மிக நெருக்கமானது. நம் பிள்ளைகளில் ஒருவனுக்குப் பொறியியற் கல்லூரியிலோ மருத்துவக் கல்லூரியிலோ இடம் கிடைத்ததும், அந்த வீட்டார் முதலில் நினைப்பது குடியிருக்கும் வீட்டைத்தான். ரூ.7.5 இலட்சத்துக்கு மேற்பட்ட கல்விக் கடனுக்கு வங்கிகள் பொதுவாக ஈடு கேட்கின்றன. அந்த ஈடு வீட்டுப் பத்திரமே. வீட்டின் மதிப்பை அறியாத குடும்பம், எவ்வளவு கடன் பெறலாம் என்பதையும் அறியாது. அடகு வைக்கலாமா, விற்கலாமா, பாகம் பிரிக்கலாமா என்று தெளிவாக முடிவு செய்யவும் இயலாது. பிள்ளைக்குப் படிப்புக் கிடைத்த மகிழ்ச்சியில், மலிந்த விலைக்கு வீட்டைக் கைவிட்டு வாடகை வீட்டுக்குப் போன குடும்பங்களை என் பணிக்காலத்தில் நான் பார்த்திருக்கிறேன். அந்த நிலை இனி ஒரு வீட்டுக்கும் வரக்கூடாது என்பதற்காகவே இப்பொருளைத் தேர்ந்துகொண்டேன்.

நிலம் மறுக்கப்பட்ட வரலாறு

வீடும் நிலமும் பிறருக்கு வெறும் சொத்தாக இருக்கலாம். நமக்கு அது நீண்ட நாள் மறுக்கப்பட்ட உரிமை. செங்கற்பட்டு மாவட்ட ஆட்சியராக இருந்த திரமென்ஹீர் என்ற ஆங்கிலேய அதிகாரி, 1891ஆம் ஆண்டில் அம்மாவட்டத்து ஒடுக்கப்பட்ட மக்களின் நிலைமையை ஆராய்ந்து அரசுக்கு ஓர் அறிக்கை அனுப்பினார். உழுபவர்களாகிய நம் முன்னோருக்கு உழுநிலம் மட்டுமன்றிக் குடியிருக்கும் மனைகூட உரிமையாக இல்லை என்பதை அவ்வறிக்கை எடுத்துக்காட்டியது. அதன் பயனாக 1892இல் வழங்க ஆணையிடப்பட்ட நிலங்களையே இன்று நாம் பஞ்சமி நிலங்கள் என்கிறோம். பத்தாண்டுகளுக்கு அந்நிலத்தை யாருக்கும் கைமாற்றக் கூடாது. அதன் பின்னும் ஒடுக்கப்பட்ட வகுப்பாருக்கே கைமாற்றலாம் என்பது நிபந்தனை. இருந்தும் அந்நிலங்களில் பெரும்பகுதி என்னவாயிற்று? கடனுக்கும் மிரட்டலுக்கும் கைநாட்டுக்கும் பிறர் கைக்குப் போயிற்று. நிலம் கையில் இருந்தது. அதன் பத்திரத்தில் எழுதியிருப்பதைப் படிக்கும் கல்வியும், அதன் மதிப்பை அறியும் வாய்ப்பும் கையில் இல்லை. அந்நிலங்களை மீட்கக் கோரிய போராட்டத்தில் 1994ஆம் ஆண்டு அக்டோபரில் செங்கற்பட்டில் துப்பாக்கிச் சூடு நடந்து உயிர்கள் பலியாயின என்பதையும் நாம் மறக்கலாகாது.

அண்ணல் அம்பேத்கர் அவர்களின் வாழ்க்கையையும் நினைத்துப் பாருங்கள். அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் பயின்று திரும்பிய அவர், 1917இல் பரோடா அரசின் பணிக்குச் சென்றபோது, அந்நகரில் குடியிருக்க ஓர் இடம் கிடைக்கவில்லை. பார்சி விடுதி ஒன்றில் பெயரை மறைத்துத் தங்கினார். செய்தி தெரிந்ததும் தடிகளோடு வந்தவர்கள் அவரை வெளியேற்றினர். நண்பர்களும் இடம் தரத் தயங்கினர். வேலையைத் துறந்து பம்பாய்க்குத் திரும்பினார். அதே அம்பேத்கர்தான் 1930களில் பம்பாய் தாதரில் ‘இராஜகிருகம்’ என்ற இல்லத்தைக் கட்டினார். தம் ஆயிரக்கணக்கான நூல்களுக்கு இடம் வேண்டும் என்பது அவ்வீட்டைக் கட்டியதற்கு ஒரு முதன்மையான காரணம். பட்டம் பெற்றவருக்கும் கூரை மறுக்கப்பட்ட நாட்டில், நம் தந்தையரும் தாய்மாரும் துறைமுகத்தில் மூட்டை சுமந்தும், தொழிற்சாலையில் இரவு முறை பார்த்தும், சீட்டுக் கட்டியும் எழுப்பிய வீடு எத்துணை அரியது! அதன் மதிப்பை யாரோ ஒருவர் வாய்ச்சொல்லாகச் சொல்ல, நாம் அப்படியே ஏற்றுக்கொள்வது முறையாகுமா?

மாறிவரும் வடசென்னை

நம் பகுதி வேகமாக மாறி வருகிறது. இராயபுரத்தில் 1856ஆம் ஆண்டு தென்னிந்தியாவின் முதல் பயணிகள் இரயில் புறப்பட்டது. துறைமுகமும் இரயிலும் வந்ததால் உழைப்பவர்களின் ஊராயிற்று வடசென்னை. பின்னர் திருவொற்றியூரிலும் எண்ணூரிலும் தீப்பெட்டி, மோட்டார் வண்டி, டயர், மின்சாரம் என்று ஆலைகள் எழுந்தன. அவற்றுள் சில இன்று இல்லை. பெரம்பூர் பி அண்டு சி ஆலை 1996இல் மூடப்பட்டது. அந்த நிலத்தில் இன்று அடுக்குமாடிக் குடியிருப்புகள் நிற்கின்றன. எண்ணூர் அனல்மின் நிலையம் 2017இல் நிறுத்தப்பட்டது. 2011இல் திருவொற்றியூரும் கத்திவாக்கமும் சென்னை மாநகராட்சியோடு இணைந்தன. 2021 பிப்ரவரி 14 அன்று வண்ணாரப்பேட்டையிலிருந்து விம்கோ நகர் வரை ஏறத்தாழ 9 கிலோமீட்டர் தொலைவுக்கு மெட்ரோ இரயில் ஓடத் தொடங்கியது.

ஆலைச் சங்கு நின்ற தெருவில் இப்பொழுது தரகர்களின் இருசக்கர வண்டிகள் வந்து நிற்கின்றன. ‘அம்மா, வீடு கொடுக்கிற எண்ணம் உண்டா? நல்ல பார்ட்டி கையில் இருக்கிறது. நாளைக்கே அட்வான்ஸ்’ என்று கேட்கிறார்கள். தரகுத் தொழில் இழிவானது என்று நான் சொல்லவில்லை. விற்பவரையும் வாங்குபவரையும் சேர்த்துவைப்பது பயனுள்ள பணியே. ஆனால் அவருடைய நலனும் நம்முடைய நலனும் எந்த இடத்தில் பிரிகின்றன என்பதை நாம் கணக்கிட்டு அறிந்திருக்க வேண்டும்.

மூன்று மதிப்புகள்

ஒரு வீட்டுக்கு மூன்று மதிப்புகள் உண்டு. அவற்றைப் பிரித்தறியாமையே பெரும்பாலான குழப்பங்களுக்குக் காரணம்.

முதலாவது, வழிகாட்டி மதிப்பு. பத்திரப் பதிவின்போது முத்திரைத் தீர்வையைக் கணக்கிடுவதற்காகத் தெருவாரியாகவும் புல எண்வாரியாகவும் அரசு நிர்ணயிக்கும் மதிப்பு இது. பதிவுத்துறையின் இணையதளத்தில் யாரும் கட்டணமின்றிப் பார்க்கலாம். இது ஆணையினால் ஏறும், ஆணையினால் இறங்கும். 2012இல் திருத்தப்பட்ட மதிப்பு, 2017 ஜூன் மாதத்தில் 33 விழுக்காடு குறைக்கப்பட்டது, 2023இல் உயர்த்தப்பட்டது, 2024 ஜூலை 1 முதல் மீண்டும் புதிய மதிப்புகள் நடைமுறைக்கு வந்தன. இத்தனை மாற்றத்திலும் உங்கள் வீட்டின் ஒரு செங்கல்கூட நகரவில்லை. எனவே ‘கவர்மெண்டு வேல்யூவே இவ்வளவுதான்’ என்று ஒருவர் சொன்னால், அதுவே சந்தை விலை என்று மயங்கிவிடாதீர்கள்.

இரண்டாவது, சந்தை மதிப்பு. அவசரமில்லாத விற்பனையாளரும், விவரமறிந்த வாங்குபவரும், ஒருவரையொருவர் நெருக்காமல் ஒப்புக்கொள்ளும் விலையே சந்தை மதிப்பு. இது எந்த அலுவலகத்திலும் எழுதி ஒட்டப்பட்டிருப்பதில்லை. விசாரித்துத்தான் அறிய வேண்டும்.

மூன்றாவது, வங்கியின் மதிப்பு. கடன் கொடுக்கும் வங்கி தன் பட்டியலில் உள்ள மதிப்பீட்டாளரை அனுப்பி அறிக்கை பெறும். கடன் திரும்பாவிட்டால் விரைவில் விற்று எவ்வளவு எடுக்கலாம் என்பதையும் எண்ணியே வங்கி கணக்கிடும். ஆகவே அது சந்தை மதிப்பினும் குறைவாக இருப்பது இயல்பு.

தரகரின் கணக்கு

எடுத்துக்காட்டாக ஒரு குடும்பத்தை எண்ணிக்கொள்வோம். அவர்களுக்கு அரை கிரவுண்டு, அதாவது 1,200 சதுர அடி மனையும் அதில் ஒரு பழைய ஓட்டு வீடும் உள்ளன. அங்கே உண்மையான விலை சதுர அடிக்கு ரூ.5,000 என்று வைத்துக்கொள்வோம். மனையின் விலை 60 இலட்சம். தரகர் ரூ.4,500 என்று சொல்லி முடித்துவைத்தால் 54 இலட்சம். குடும்பத்துக்கு நட்டம் 6 இலட்சம். ஒரு பிள்ளையின் கல்லூரிப் படிப்பே அதில் அடங்கும். தரகருக்கு என்ன நட்டம்? நூற்றுக்கு இரண்டு கமிஷன் என்றால் 60 இலட்சத்துக்கு ரூ.1,20,000, 54 இலட்சத்துக்கு ரூ.1,08,000. அவர் இழப்பது ரூ.12,000 மட்டுமே. அந்த ரூ.12,000-க்காக இன்னும் மூன்று மாதம் அலைவதைவிட, இன்றே முடித்துவிட்டு அடுத்த வீட்டைப் பார்ப்பது அவருக்கு இலாபம். வாங்குபவரும் அவருக்குக் கமிஷன் தருபவராக இருந்தால், விலை குறைவதில் அவருக்கு வருத்தமே இராது. அவர் நேர்மையானவராக இருந்தாலும் இந்தக் கணக்கு மாறாது. ஆதலால் அவர் சொல்லும் விலையை நாம் ஒரு சாட்சியாக ஏற்கலாம். தீர்ப்பாக ஏற்கக் கூடாது.

மிகையாகச் சொல்லுவோரும் உண்டு. ‘70 இலட்சத்துக்கு நான் முடித்துத் தருகிறேன்’ என்று ஆசை காட்டி, வேறு தரகரிடம் போகாதபடி செய்து, ஆறு மாதம் கழித்து ‘மார்க்கெட் படுத்துவிட்டது, 50க்குத்தான் கேட்கிறார்கள்’ என்பார்கள். இன்னும் சிலர், ‘உங்கள் கைக்கு இவ்வளவு வரவேண்டும், அதற்கு மேல் வருவது என்னுடையது’ என்று பேசுவார்கள். வாங்குபவர் உண்மையில் எவ்வளவு கொடுத்தார் என்பதை விற்பவர் அறியாதபடி மறைக்கும் வழி அது. அதற்கு ஒருபோதும் உடன்படாதீர்கள்.

கேட்க வேண்டிய முறை

எப்படிக் கேட்பது என்பதை வகுப்பறையில் சொல்வதுபோல் வரிசையாகச் சொல்கிறேன். இளைஞர்கள் குறித்துக்கொள்ளுங்கள்.

முதலில், உங்கள் வீட்டை நீங்களே அறிந்துகொள்ளுங்கள். பத்திரத்தில் உள்ள பரப்பு, நகர நில அளவைப் பதிவேட்டில் உள்ள பரப்பு, நாடாவைப் பிடித்து அளந்தால் வரும் பரப்பு மூன்றும் ஒத்திருக்கின்றனவா என்று பாருங்கள். ஒரு கிரவுண்டு 2,400 சதுர அடி. ஒரு சென்ட் 435.6 சதுர அடி. அடுக்குமாடி வீடாயின், சுவருக்குள் இருக்கும் பரப்போடு நிற்காமல், பிரிக்கப்படாத நிலப் பங்கு எவ்வளவு என்று பத்திரத்தில் தேடுங்கள். கட்டடம் ஆண்டுதோறும் பழசாகும். விலை ஏறுவது அந்த நிலப் பங்குக்கே.

இரண்டாவது, ஒருவரிடம் மட்டும் கேட்காதீர்கள். குறைந்தது மூன்று தரகர்களிடம், ஒருவரோடொருவர் தொடர்பில்லாதவர்களாகப் பார்த்துக் கேளுங்கள். பதில்கள் மூன்றும் நெருங்கியிருந்தால் அவற்றை நம்பத் தொடங்கலாம். பெரிதும் விலகியிருந்தால், ஏன் என்று ஒவ்வொருவரையும் கேளுங்கள். காரணம் சொல்லத் தெரிந்தவரே விவரமறிந்தவர்.

மூன்றாவது, கேள்வியை மாற்றிக் கேளுங்கள். ‘ஐயா, என் வீடு எவ்வளவு போகும்?’ என்று கேட்டால் மனம்போன போக்கில் ஒரு தொகை வரும். ‘ஐயா, இந்தத் தெருவில் கடந்த ஓராண்டில் எந்த வீடு விற்றது? எத்தனை சதுர அடி? என்ன விலைக்குப் பத்திரமாயிற்று?’ என்று கேளுங்கள். கேட்கப்படும் விலை வேறு. கைமாறிய விலை வேறு. விளம்பரத்தில் காண்பது முன்னது. நமக்கு வேண்டியது பின்னது.

நான்காவது, கேட்டதைச் சரிபாருங்கள். பதிவுத்துறையின் இணையதளத்தில் வில்லங்கச் சான்றைப் புல எண்ணைக் கொண்டு தேடிப் பார்க்கலாம். அதில் ஒவ்வொரு விற்பனைக்கும் கைமாற்றுத் தொகையும் சந்தை மதிப்பும் குறிக்கப்பட்டிருக்கும். தரகர் சொன்ன வீடு உண்மையிலேயே விற்றதா என்பது அதில் தெரிந்துவிடும். கைப்பேசியில் இரவெல்லாம் படம் பார்க்கத் தெரிந்த நம் பிள்ளைகளுக்கு இந்தத் தேடல் அரை மணி நேர வேலை.

ஐந்தாவது, உங்கள் அவசரத்தை வெளியிடாதீர்கள். மகளின் திருமணம், மருத்துவச் செலவு, கல்லூரிக் கட்டணத்தின் கடைசி நாள் இவற்றைத் தரகரிடம் சொன்ன நொடியிலேயே விலை இறங்கும். ‘பாகப்பிரிவினைக்காகத் தெரிந்துகொள்ள வேண்டும்’ என்றோ, ‘வங்கிக் கடனுக்காக’ என்றோ உள்ளதைச் சொல்லலாம்; ‘எப்படியாவது இந்த மாதத்துக்குள்’ என்ற சொல் மட்டும் வாயில் வரலாகாது.

ஆறாவது, விலை கேட்கும் நாளில் எதிலும் கையெழுத்து இடாதீர்கள். டோக்கன் அட்வான்ஸ் என்று நீட்டும் பணத்தையும் வாங்காதீர்கள். மூலப்பத்திரத்தை யாரிடமும் கொடுக்காதீர்கள்; ஜெராக்ஸ் நகல் போதும். பொது அதிகார ஆவணம் எழுதிக் கொடுக்கச் சொன்னால் வழக்கறிஞரைக் கேளாமல் இசையாதீர்கள். அதிகார ஆவணத்தின் மூலம் மட்டும் வீட்டின் உரிமை மாறாது என்று உச்ச நீதிமன்றம் 2011இல் தெளிவுபடுத்தியுள்ளது. ஆயினும் அதை வைத்து உங்களை வழக்கில் இழுத்தடிக்க முடியும். விற்பனை ஒப்பந்தமும் பதிவு செய்யப்பட வேண்டும் என்பது தமிழ்நாட்டில் 2012 டிசம்பர் முதல் சட்டம்.

ஏழாவது, வீட்டுப் பெண்களை உடன் வைத்துக்கொண்டே பேசுங்கள். 1989ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தம் தமிழ்நாட்டில் மகளுக்கும் பூர்வீகச் சொத்தில் பங்குரிமை தந்தது. அண்ணன் தம்பிகள் மட்டும் கூடி விலை பேசினால் அந்த விற்பனை நிலைக்காது. மேலும், சீட்டுக் கட்டி மனை வாங்கிய தாய்க்குத் தெரிந்த கணக்கு மகனுக்குத் தெரியாமல் இருக்கலாம்.

பெருந்தொகை உள்ள இடத்தில், கட்டணம் கொடுத்துப் பதிவு பெற்ற மதிப்பீட்டாளரிடம் எழுத்து மூலம் அறிக்கை பெறுவதும் நல்லது. வீடு விற்றாலும் விற்காவிட்டாலும் அவருடைய கட்டணம் ஒன்றே. ஆகவே விலையைத் திரிக்க அவருக்குக் காரணம் குறைவு. கட்டடம் கட்டுவோரின் கணக்கையும் அறிந்திருங்கள். 2019ஆம் ஆண்டுக் கட்டட விதிகளின்படி, சாதாரண உயரக் கட்டடத்துக்குத் தளப்பரப்புக் குறியீடு 2. சாலை அகலமும் பிற விதிகளும் இடங்கொடுத்தால் 1,200 சதுர அடி மனையில் 2,400 சதுர அடி வரை கட்டலாம் என்பது பொருள். உங்கள் ஓட்டு வீட்டைப் பார்த்து ‘இடிக்கத்தானே வேண்டும்’ என்று உதட்டைப் பிதுக்குகிறவர் மனத்துக்குள் அந்த 2,400 அடியைத்தான் எண்ணிக்கொண்டிருக்கிறார்.

உரிமையின் தன்மை

விலை என்பது உரிமையைப் பொறுத்தது. நம்மிடையே எல்லோர் வீடும் ஒரே வகை உரிமை உடையதன்று. சிலருக்குக் கிரயப் பத்திரமும் பட்டாவும் உண்டு. சிலர் குடிசை மாற்று வாரியக் குடியிருப்பில் வாழ்கிறோம். 1970இல் தொடங்கப்பட்ட அவ்வாரியம் 2021இல் தமிழ்நாடு நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று பெயர் மாற்றம் பெற்றது. அங்கே ஒதுக்கீட்டு ஆணை மட்டும் வைத்திருப்பவர் அவ்வீட்டை விற்க உரிமையற்றவர். தவணையை முடித்து விற்பனைப் பத்திரம் பெற்ற பிறகே அது சந்தைக்குரிய சொத்தாகும். அதற்கு முன் வெள்ளைத்தாளில் எழுதிக் கைமாற்றினால், விற்றவருக்கும் நட்டம், வாங்கியவருக்கும் அச்சம். வேறு சிலர் கோயில் மனையிலும் புறம்போக்கிலும் இருக்கிறோம். அவர்கள் விலை கேட்பதற்கு முன் செய்ய வேண்டியது, தங்கள் உரிமைக்கு எழுத்து வடிவம் பெற முயல்வது. தாத்தா பெயரில் பட்டா இருந்து மூன்று தலைமுறை ஆகியிருந்தால், வாரிசுச் சான்று பெற்றுப் பட்டாவை மாற்றுங்கள். தாள் சரியில்லாத வீட்டுக்கு விலை கேட்கும்போது தரகர் குறைத்துச் சொல்வதில் ஓரளவு நியாயம் உண்டு. அந்த நியாயத்தை நாம் அவருக்குக் கொடுக்கக் கூடாது.

தெருவின் பெயருக்கு ஒரு தள்ளுபடி

இப்பொழுது மனத்தை வருத்தும் ஒன்றைச் சொல்ல வேண்டும். தரகர் வீட்டைச் சுற்றிப் பார்ப்பார். சாலை அகலம், தண்ணீர், கழிவுநீர், மழைக்கு நீர் தேங்குமா, மெட்ரோ எவ்வளவு தொலைவு என்றெல்லாம் கேட்பார். அவையெல்லாம் முறையான கேள்விகள். பிறகு குரலைத் தாழ்த்தி, ‘எல்லாம் சரிதான் சார், ஆனால் இது காலனி ஆயிற்றே. வெளி ஆள் வரமாட்டான்’ என்பார். இரண்டு தெரு தள்ளி, அதே சாலை, அதே குடிநீர், அதே பரப்பு; விலை மட்டும் கூடுதல். இடையில் இருப்பது சாதி ஒன்றே. குடிக்கிற குவளையில் இருந்த தீண்டாமை, சதுர அடிக் கணக்குக்குள் புகுந்துகொண்டது.

‘காலனி’ என்ற சொல் இழிவின் குறியாகிவிட்டதால் அரசு ஆவணங்களிலிருந்து அது நீக்கப்படும் என்று 2025 ஏப்ரலில் தமிழ்நாடு சட்டமன்றத்தில் முதலமைச்சர் அறிவித்தார். வரவேற்கத் தக்கது. பெயர் மாறினால் மட்டும் மனம் மாறிவிடாது என்பதும் நமக்குத் தெரியும். ஆகவே தரகர் அப்படிச் சொல்லும்போது நாம் தலைகுனியவும் வேண்டாம். சண்டைக்கு நிற்கவும் வேண்டாம். ‘ஐயா, சாலைக்கு எவ்வளவு, தண்ணீருக்கு எவ்வளவு, கட்டடத்தின் வயதுக்கு எவ்வளவு என்று தனித்தனியே சொல்லுங்கள். மீதி எதற்காகக் குறைக்கிறீர்கள்?’ என்று அமைதியாகக் கேளுங்கள். அந்த மீதிக்குக் காரணம் சொல்ல அவர் தடுமாறுவார். அதே தெருவில் நடந்த பத்திரங்களின் விலையை எடுத்துக்காட்டுங்கள். எழுத்தில் உள்ள கணக்கின் முன் இந்தப் பேச்சு நெடுநேரம் நில்லாது.

பத்திரத்தில் உண்மை விலை

கணக்கு நமக்குத் துணைநிற்க வேண்டுமானால், நாமும் கணக்கில் பொய் எழுதக் கூடாது. முத்திரைத் தீர்வை 7 விழுக்காடும் பதிவுக் கட்டணம் 2 விழுக்காடும் மிச்சப்படும் என்று, விலையைக் குறைத்து எழுதி மீதியை ரொக்கமாகத் தருவது ஊர் வழக்கமாகிவிட்டது. விற்கும் நமக்கு இதனால் மூன்று கேடுகள். வீடு விற்பதில் ரூ.20,000 அல்லது அதற்கு மேற்பட்ட தொகையை ரொக்கமாகப் பெற்றால், அதற்கு நிகரான தண்டம் விதிக்க வருமானவரிச் சட்டம் இடமளிக்கிறது. ஒப்பந்தம் முறிந்தால் ரொக்கத்துக்குச் சாட்சி இராது. மூன்றாவது கேடு நம் தெருவாருக்கெல்லாம் பொதுவானது. அதைச் சற்று விளக்குகிறேன்.

நம் பகுதி சாலைக்கும் துறைமுகத்துக்கும் இரயிலுக்கும் நிலம் எடுக்கப்படும் பகுதி. 2014 ஜனவரி 1 முதல் நடைமுறையில் உள்ள 2013ஆம் ஆண்டு நில எடுப்புச் சட்டத்தின்படி, சந்தை மதிப்பை எப்படிக் கணக்கிடுகிறார்கள்? வழிகாட்டி மதிப்பைப் பார்க்கிறார்கள். அருகிலுள்ள அதே வகை நிலங்களுக்கு முந்தைய மூன்று ஆண்டுகளில் பதிவான பத்திரங்களில், கூடுதல் விலை காட்டிய பாதியளவு பத்திரங்களின் சராசரியையும் பார்க்கிறார்கள். எது கூடுதலோ அதை எடுத்துக்கொண்டு, அதற்கு நூற்றுக்கு நூறு ஆறுதல் தொகையும் சேர்க்கிறார்கள். தெருவில் பத்துப் பேர் விலையைப் பாதியாக எழுதியிருந்தால், பதினோராவது வீட்டுக்காரர் நிலம் இழக்கும்போது அந்தப் பொய்யான பாதி விலையே அவருக்கு அளவுகோலாகிறது. அந்தச் சராசரியில் குறையும் ஒவ்வொரு ரூபாயும் இழப்பீட்டில் இரண்டு ரூபாயாகக் குறையக்கூடும். கல்விக் கடனுக்கு வரும் மதிப்பீட்டாளரும் அதே பத்திரங்களையே பார்க்கிறார். ஒருவர் மிச்சம் பிடித்த தீர்வைப் பணத்துக்குத் தெரு முழுவதும் விலை கொடுக்கிறது.

விற்பதற்கு முன்

மதிப்பை அறிவது விற்பதற்காக மட்டும் என்று யாரும் கொள்ள வேண்டாம். வீட்டை வைத்துக்கொள்வதற்கும் அதை அறிய வேண்டும். எண்ணூரில் 2023 டிசம்பரில் முகத்துவாரத்தில் எண்ணெய் படர்ந்ததும், அம்மாத இறுதியில் நள்ளிரவில் அம்மோனியா கசிந்து மக்கள் வீட்டைவிட்டு ஓடியதும் நாம் கண்டவை. அத்தகைய நாட்களில் அச்சத்தினால் விலை வீழும். அந்த வாரத்தில்தான் வாங்குவோர் தேடி வருவர். நல்ல நாளில் தம் வீட்டின் மதிப்பை எழுதி வைத்திருப்பவரே கெட்ட நாளில் ‘இப்போது வேண்டாம்’ என்று சொல்லும் துணிவுடையவர். விற்றாக வேண்டிய நிலை வந்தால், விற்ற பணத்தில் வேறெங்கே எத்தனை அடி வாங்க முடியும், அங்கிருந்து பள்ளியும் மருத்துவமனையும் வேலையும் எவ்வளவு தொலைவு என்பதையும் அதே தாளில் எழுதிப் பாருங்கள். நகருக்குள் இருந்த ஒரு வீட்டை விற்று நகருக்கு வெளியே பெரிய வீடு வாங்கியவர்களில் பலர், பிள்ளைகளின் பேருந்துப் பயணத்தில் அந்த இலாபத்தை இழந்திருக்கிறார்கள்.

ஒரு வேண்டுகோள்

முடிவாக, இச்சங்கத்தின் முன் ஒரு வேண்டுகோளை வைக்கிறேன். ஞாயிறுதோறும் நடைபெறும் மாலை வகுப்புகளுக்குப் பின் ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். பட்டப்படிப்பு முடித்த இளைஞர்கள் இருவர் ஒரு மேசையில் அமரட்டும். பத்திர நகலோடு வரும் பெரியவர்களுக்கு வழிகாட்டி மதிப்பையும் வில்லங்கச் சான்றையும் பார்த்துச் சொல்லட்டும். நம் தெருக்களில் நடந்த விற்பனைகளை ஒரு குறிப்பேட்டில் ஆண்டு, பரப்பு, விலை என்று எழுதிவரட்டும். மூன்று ஆண்டுகளில் அந்தக் குறிப்பேடு எந்தத் தரகரின் நினைவைக் காட்டிலும் நம்பத் தக்கதாகிவிடும். அப்போது அவர் நம்மிடம் வந்து விலை கேட்பார்.

இளைஞர்களே, இன்றிரவு வீட்டுக்குச் சென்றதும் உங்கள் அம்மாவிடம் அந்த இரும்புப் பெட்டியைத் திறக்கச் சொல்லுங்கள். பத்திரத்தை எடுத்து, பரப்பு, புல எண், யார் பெயர், எந்த ஆண்டு என்ற நான்கையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு அடுத்த ஞாயிற்றுக்கிழமை வாருங்கள். நானும் வருகிறேன். அங்கிருந்து தொடங்குவோம்.